ஸ்லாட் இருக்கா? – எங்க ஊர் கேமிங் பொட்டியின் வரலாறு

பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்னு தெரிஞ்சா போதும், கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் கூட விடமாட்டார். "தம்பி, பையன் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் கேக்குறான். பாகம் பாகமா வாங்கி மாட்டினா சல்லிசா முடியுமாமே, என்ன வாங்கலாம்?" நான் மென்பொருள் ஆளு. எனக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் ஆபீஸ்ல எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் ரசம் ஆறிப்போற வரைக்கும் பதில் சொல்லுவேன்.

எல்லாரும் முதல்ல கேக்குறது "எது வேகமா ஓடும்?" நான் கேக்கச் சொல்றது வேற: "நாளைக்கு இதுல எதை மாத்த முடியும்?" பாகங்களைத் தேர்ந்தெடுக்குற வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுத்தித்தான் நடந்திருக்கு. எங்க ஓசூர் பக்கத்துக் குடும்பங்கள் அதைக் கொஞ்சம் காசு கொடுத்தே கத்துக்கிட்டாங்க.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திடுவோம்.

1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் தன்னோட பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. சீக்கிரம் சந்தைக்கு வரணும்னு அவசரம். அதனால எல்லாத்தையும் சொந்தமா செய்யாம, ப்ராசசரை இன்டெல்கிட்டயும் டாஸை மைக்ரோசாப்ட்கிட்டயும் வாங்கிக்கிட்டாங்க. உள்ளே அஞ்சு ஸ்லாட் வெச்சாங்க. அதோட நிக்கல, சர்க்யூட் வரைபடத்தையும் பயாஸ் நிரலையும் புத்தகமாவே போட்டு வித்தாங்க. இதைப் பாத்து யார் வேணாலும் கார்டு செய்யலாம். பயாஸுக்கு மட்டும்தான் காப்புரிமைப் பூட்டு. அந்தப் பூட்டையும் காம்பேக் நிறுவனம் தானே புதுசா எழுதின பயாஸால தாண்டி, 1983-ல் பொட்டியை விக்க ஆரம்பிச்சது. 1984-ல் பீனிக்ஸ் நிறுவனம் அதே மாதிரி ஒரு பயாஸை எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் வித்தது. அன்னையில இருந்து பிசிங்கிறது ஒரு கம்பெனியோட சரக்கு இல்ல. எவரும் செய்யலாம், எவரும் மாட்டலாம்ங்கிற ஒரு ஒப்பந்தம். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவை வெளியிட்டப்போ, போர்டுல திருகு ஓட்டை எங்க வரணுங்கிறது கூட முடிவாச்சு. எந்த கேபினட்டுலயும் எந்த போர்டும் உக்காரும்.

இந்த ஒப்பந்தம் ஓசூர்க்காரனுக்குப் புதுசே இல்ல. சிப்காட் 1971-ல் ஆரம்பிச்சது. அதோட ஆரம்ப கால வளாகங்கள்ல எங்க ஊரும் ஒண்ணு. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே வருஷம் டிவிஎஸ் 50 இங்கிருந்து கிளம்புச்சு. 1980-களோட நடுவுல டைட்டன் கடிகாரம். பெரிய ஆலையைச் சுத்தி லேத்து போட்ட சின்னப் பட்டறைகள். ஒருத்தர் புஷ் கடைவார், ஒருத்தர் பிராக்கெட் அடிப்பார். டிராயிங்ல சொன்ன அளவு வந்தா எவன் செஞ்ச பாகமும் வண்டியில சேரும். அளவு தப்பினா திரும்பி வரும். "அண்ணே, பொருள் எவன் செஞ்சாங்கிறது முக்கியமில்ல, ஃபிட் ஆகுதாங்கிறதுதான் முக்கியம்"னு ஒரு ஷாப் ஃப்ளோர் ஆளுக்கு நீங்க சொல்லித்தர வேண்டாம். பிசி அசெம்பிள் பண்றதுக்கு வேண்டிய பாதி அறிவு எங்க ஊர்ல தண்ணியோட கலந்தே வருது. :-)

ஆனா பாகம் வாங்க ஊர் தாண்டணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பெங்களூரு எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு, நாப்பதே கிலோமீட்டர். ஜுஜுவாடி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, அப்புறம் டவுன் ஹால் பக்கம் இறங்கி நடை. பக்கத்துலயே வண்டி உதிரி பாகத்துக்குப் பேர் போன ஜே.சி. ரோடு. ஒரே பயணத்துல அப்பா பைக்குக்கு ஒரு பாகமும் பையன் பொட்டிக்கு ஒரு பாகமும் வாங்கிட்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்க ஆளுங்களுக்கு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் பேரம் வரும். கடைக்காரருக்கு இந்தியும் சேர்த்து நாலு.

எஸ்.பி. ரோட்டுல சரக்கு மலிஞ்சதுக்குக் காரணம் தூரத்துல நடந்த ஒரு கையெழுத்து. 1996 டிசம்பர்ல சிங்கப்பூர் மாநாட்டுல தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கு சுங்கவரியை நீக்குற உடன்பாடு உருவாச்சு. இந்தியா 1997-ல் சேர்ந்து, படிப்படியா குறைச்சு 2005-ல் பூஜ்யத்துக்கு வர ஒத்துக்கிட்டது. உள்ளூர்ல பிசி செஞ்ச கம்பெனிகளுக்கு அது வலி. பாகம் வாங்கி மாட்டுறவனுக்கு அது வாழ்வு.

கப்பல்ல வந்த சரக்குக்கு வரி குறைஞ்சாலும், அத்திப்பள்ளியில வேற வரி. கர்நாடகா 2005 ஏப்ரல்ல வாட் முறைக்கு மாறிடுச்சு. தமிழ்நாடு மாறினது 2007 ஜனவரியில. இடையில 21 மாசம், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிச் சட்டம், அந்தப் பக்கம் வேற. சொந்த உபயோகத்துக்கு ஒரு பொட்டி கொண்டு வர்றவன் கூட பில்லை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் சோதனைச் சாவடியைத் தாண்டுவான். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தப்போதான் வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை போச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். காசு எங்கே தொலைஞ்சது?

2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல ஒரு குடும்பம் கம்ப்யூட்டர் வாங்குறதுங்கிறது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற வேலை இல்ல. போனஸ், சீட்டுப் பணம், கொஞ்சம் கடன் எல்லாம் சேர்த்து ஒரே தடவை. கடையில விலைப்பட்டியல் ஒரு தாள். அதுல போர்டு விலை எழுநூறு, எண்ணூறு குறைஞ்சா கண்ணு அங்கதான் போகும். அங்கதான் ஒரு எழுத்து ஒளிஞ்சிருந்தது.

இன்டெல் 1999-ல் 810ன்னு ஒரு சிப்செட் கொண்டு வந்தது. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். தனிக் கார்டு செலவு மிச்சம். ஆனா கிராபிக்ஸ் கார்டு மாட்டுற ஏஜிபி ஸ்லாட் அதுல கிடையாது. அடுத்த வருஷம் வந்த 815-ல் ரெண்டுமே இருந்தது. 2002-ல் 845ஜி, 845ஜிஎல்னு ரெண்டு. முன்னதுல ஏஜிபி உண்டு, 'எல்' சேர்ந்ததுல இல்ல. அப்புறம் 865ஜி, 865ஜிவி. அங்கயும் 'வி' வந்தா ஸ்லாட் போச்சு. 915ஜி, 915ஜிவி கதையும் அதே; ஏஜிபிக்குப் பதிலா பிசிஐ எக்ஸ்பிரஸ், அவ்வளவுதான் வித்தியாசம். இதை ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். விவரக் குறிப்புல தெளிவா இருக்கும், ஆபீஸ் உபயோகத்துக்கு அது நியாயமான சரக்கும் கூட. ஆனா விலைப்பட்டியல் தாள்ல அந்த ஒத்தை எழுத்துக்கு யாரும் விளக்கம் எழுதல.

விளைவு என்னாச்சு? ரெண்டு வருஷம் கழிச்சு பையன் பெரியவனாகி, ட்யூஷன் எடுத்து, பாக்கெட் மணி சேர்த்து ஒரு கார்டு வாங்கலாம்னு கேபினட்டைத் திறப்பான். மாட்ட இடம் இருக்காது. கார்டுக்கு ஆகுற காசுல போர்டு, சில சமயம் ராம், ப்ராசசர் வரைக்கும் மாத்தணும். அதாவது புதுப் பொட்டி. ஒரு குடும்பம் அப்படி ரெண்டாவது தடவை சீட்டு கட்டாது. எங்க வீட்டுக்கு வந்த முதல் பொட்டியும் ஸ்லாட் இல்லாத ரகம்தான். அதுல கடைசி வரைக்கும் சாலிட்டரும் டைப்பிங்கும்தான். நான் நிரல் எழுதப் போனதுக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. கேம் ஓடாத பொட்டியில வேற என்னதான் பண்றது?

கார்டு வாங்கினவங்களுக்கும் பேர்ல ஒரு கண்ணி இருந்தது. 2002-ல் என்விடியாவோட ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வந்தது. பேர்ல 4, ஆனா ஜிஃபோர்ஸ் 3-லயே வந்துட்ட பிக்சல் ஷேடர் வசதி அதுல இல்ல. உள்ளே இருந்தது ஜிஃபோர்ஸ் 2 வம்சம். கொஞ்ச நாள்லயே பிக்சல் ஷேடர் இல்லாம ஓடமாட்டேன்னு சொல்ற கேம்கள் வந்துடுச்சு. "எத்தனை எம்பி கார்டு?"ன்னு மட்டும் கேட்டு வாங்கினவங்க முழிச்சாங்க. இன்னைக்கும் "எத்தனை ஜிபி?"ன்னுதான் முதல் கேள்வி. பேரன் காலத்துலயும் இது மாறாது போல.

மூணாவது, யாரும் கண்டுக்காத எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடயே இலவசம் மாதிரி வரும், மேலே '450 வாட்'னு ஸ்டிக்கர். 2000-ல் பென்டியம் 4 வந்ததுல இருந்து ப்ராசசருக்கு மின்சாரம் 12 வோல்ட் கம்பியில போகுது. கிராபிக்ஸ் கார்டும் அங்கதான் இழுக்கும். அதனால பார்க்க வேண்டியது பெரிய எழுத்து வாட் கணக்கை இல்ல. லேபிள்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 16 ஆம்பியர்னா 12-ஐ 16-ஆல பெருக்கி 192 வாட். 450-ல் உங்களுக்கு உதவுறது அவ்வளவுதான். 2012 வாக்குல தமிழ்நாட்டுல மின்வெட்டு உச்சத்துல இருந்தப்போ, கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல மட்டமான எஸ்எம்பிஎஸ் தனியா சாகாது. போர்டையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்.

இந்த வரலாறெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் 2019 கடைசியில, முதல் வேலையில சேர்ந்து சேர்த்த காசுல என் பொட்டியைக் கட்டினேன். ரைசன் 5 3600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 16 ஜிபி ராம். ப்ராசசர் 65 வாட், கார்டு 125 வாட், சேர்த்து 190. உச்சத்துல இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால 12 வோல்ட்டுல மட்டுமே 500 வாட்டுக்கு மேல தர்ற எஸ்எம்பிஎஸ். நண்பர்கள் "இதுக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?"ன்னு கேட்டாங்க. அடுத்து வர்ற கார்டுக்கு.

போர்டுக்கும் அதே கணக்கு. இன்டெல் 2017-ல் எட்டாம் தலைமுறை ப்ராசசரைக் கொண்டு வந்தப்போ, சாக்கெட் பேர் அதே எல்ஜிஏ 1151. ஆனா முந்தின வருஷத்து போர்டுல ஓடாது. ஏஎம்டி அதே 2017-ல் ரைசனை ஏஎம்4 சாக்கெட்டுல கொண்டு வந்து, அதுலயே நின்னுச்சு. 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி கூட, பயாஸ் அப்டேட் பண்ணினா என் பி450-ல் உக்காரும். போன வருஷம் உக்கார வெச்சேன். எழுபது, எண்பது ஆயிரத்துல புதுசு வாங்குறதுக்குப் பதிலா ஒரே ஒரு பாகத்தோட முடிஞ்சது. மாத்தின பழைய ப்ராசசர் அத்தை பையன் பொட்டியில இன்னும் ஓடுது.

இது இப்படியே இருக்குமா? அதுதான் கவலை. ஓசூருக்குப் பக்கத்துல திம்ஜேப்பள்ளியில டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கு, ஐபோன் பாகங்கள் செய்யுது. எங்க மாவட்டத்துப் பொண்ணுங்க ஆயிரக்கணக்குல அங்க வேலை பார்க்குறாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா அவங்க செய்யுற பொருள்ல வாங்கினவன் பின்னாடி ராமையோ ஸ்டோரேஜையோ கூட்ட முடியாது. லேப்டாப்களும் அந்த வழிக்கே போகுது. ராமை போர்டோட பத்த வெச்சிடுறாங்க. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கிட்டுப் போனதுல ராம் விலை தாறுமாறா ஏறுச்சு. மைக்ரான் தன்னோட க்ரூஷியல் பேர்ல சில்லறை வியாபாரத்தையே நிறுத்துறதா டிசம்பர்ல அறிவிச்சது. இன்னைக்கு 8 ஜிபி, அப்புறம் 8 ஜிபின்னு தவணையில வளர முடிஞ்சவன்தான் இந்த மாதிரி நேரத்துல தப்பிப்பான்.

பணக்காரனுக்கு ஸ்லாட் தேவையில்ல, அவன் முழுசா புதுசு வாங்கிப்பான். மாசச் சம்பளக்காரனுக்குத்தான் திறந்து வெச்ச அந்த ஒரு ஸ்லாட் அடுத்த மூணு வருஷம்.

அதனால பந்தியில கேட்டவருக்கு நான் சொல்ற வரிசை இதுதான்: முதல்ல எஸ்எம்பிஎஸ், அப்புறம் போர்டு, அப்புறம் ப்ராசசர், கார்டு கடைசி. காசு பத்தலைன்னா கார்டைத் தள்ளிப் போடுங்க. பையன் ஆறு மாசம் முகத்தைத் தூக்கி வெச்சுப்பான், பரவாயில்ல.

டிஸ்கி: ஆர்ஜிபி லைட்டு எந்த வரிசையில வரும்னு கேக்காதீங்க. அது தீபாவளி செலவுக் கணக்கு. :-)