ஊவாச் சந்தையும் தோட்டத் தொழிலாளர் வாழ்வும்

மலையகத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்குகளையும் துரைமாரின் அறிக்கைகளையும் ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை ஏக்கரில் தேயிலை நடப்பட்டது, எத்தனை இறாத்தல் கப்பலேறியது என்பவற்றை அவை தெளிவாகக் கூறும். அத்தேயிலையைக் கொய்தவர் கையில் எவ்வளவு காசு மிஞ்சியது, அதனை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பவற்றை அறிய விழைவோர் சந்தையை நோக்குதல் வேண்டும். பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்தின் சந்தைகள் இவ்வகையில் ஆராயத்தக்கன.

தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னரே ஊவாவில் பண்டமாற்று நிகழ்ந்து வந்தது. தென்கடற்கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றிய சோனக வணிகர், தவளங்களாக மலையேறி வந்து, பாக்கையும் தானியத்தையும் பெற்றுச் சென்றனர். 1817–18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், வயல்களையும் குளங்களையும் கால்நடைகளையும் அழித்தமையால் ஊவாக் கிராமங்கள் நெடுங்காலம் நலிவுற்றிருந்தன. பின்னர் கோப்பிச் செய்கை பரவியது; பாதைகள் அமைந்தன; 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பதுளை நகரின் நடுவே எண்கோண வடிவில் வெலேகடைச் சந்தைக் கட்டடம் எழுந்தது. அப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கடை’ என்னும் சொல் தமிழிலிருந்து சிங்களத்திற்குச் சென்றதாகும். இரு மொழியினரும் கூடி வாங்கி விற்றமைக்கு இத்தகைய சொற்களும் சான்றாகின்றன.

எனினும் தோட்டத் தொழிலாளர் தொடக்கத்தில் இச்சந்தைக்கு முழு உரிமையுள்ள கொள்வோராக வந்தனர் எனக் கூறுதற்கில்லை. தமிழகத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டது. தோட்டம் அரிசியைக் கொடுத்து அதன் விலையைக் கூலியிற் கழித்தது. பெரிய கங்காணியின் முற்பணமும் வட்டியும் அதற்கு மேல் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பியவர், தம் கடன் தொகை குறிக்கப்பட்ட ‘துண்டு’ப் பத்திரத்தைப் பெறவேண்டியிருந்தது, புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தினாலன்றி விடுதலையில்லை. கூலி என்பது இவ்வாறு பெரும்பாலும் கணக்கேட்டிலேயே பிறந்து கணக்கேட்டிலேயே மறைந்தது. கையில் வந்தது சில்லறையே.

இந்நிலையை மாற்றியவை இரு சட்ட நடவடிக்கைகளாகும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலிக்கு ஒரு கீழெல்லையை வகுத்தது. அதன்படி 1929இல் மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தம் இக்கூலியை விரைவிலேயே கீழிறக்கியது. ஆயினும் கங்காணியின் கணக்கேட்டுக்கு வெளியே, தொழிலாளி தன் கூலி இன்னதென்று அறிந்து கேட்கும் நிலை உருவாயிற்று. இக்காலத்திலேயே, 1924இல், புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. கடற்கரைக் கருவாடும் தேங்காயும் இதன்பின் மலைநாட்டுக்கு எளிதில் வந்து சேர்ந்தன.

சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்திற்குப் பெருநாளாயிற்று. மற்றை நாள்களில் விடியுமுன் தப்பொலி பிரட்டுக்கு அழைக்கும். அன்று அந்த அழைப்பில்லை. நமுனுகுலை மலைச்சாரலிலும் ஹாலி-எல, தெமோதரைப் பக்கங்களிலும் உள்ள லயங்களிலிருந்து மக்கள் குறுக்குப் பாதைகளில் இறங்கிக் கால்நடையாகவே சந்தைக்கு வந்தனர். வெலிமடைப் பக்கத்துக் காய்கறி, கிராமத்தாரின் குரக்கன், கித்துள் கருப்பட்டி, வெற்றிலை, புகையிலை, கருவாடு, மண்சட்டி, வளையல், சீத்தைத் துணி ஆகியன அங்கே பரப்பப்பட்டிருந்தன. அரிசி தோட்டத்திற் கிடைத்தமையால், சந்தையில் வாங்கப்பட்டவை பெரும்பாலும் அவ்வரிசியை உணவாக்குவதற்கு வேண்டிய துணைப்பொருள்களே. பிள்ளைக்கு ஒரு சட்டைத் துணி வாங்கினால் அம்மாதத்திற் கருவாடு குறையும். மாதம் முழுவதும் பிறர் அளந்து கொடுத்ததைப் பெற்று வாழ்ந்தவர், அன்று தாமே விலை கேட்டார், பேரம் பேசினார், வேண்டாமென்று அடுத்த கடைக்குச் சென்றார். தெரிந்தெடுக்கும் இவ்வுரிமை சிறிதாயினும் தோட்டத்தினுள் அவருக்கு இருந்ததில்லை.

அவ்வுரிமையும் எல்லோருக்கும் ஒப்பக் கிடைத்ததன்று. கொழுந்து கொய்தவள் பெண்ணாயினும், அவள் கூலியைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. சந்தைச் சாலையில் தவறணையும் திறந்திருந்தது. தவறணையில் தங்கிய காசு வீட்டு அடுப்பை எட்டவில்லை. சந்தை நாளின் மாலை எல்லா லயத்து வீடுகளிலும் மகிழ்ச்சியாக முடிந்தது என எண்ணுதல் பொருந்தாது.

சந்தை மற்றொரு வகையிலும் சிறப்புடையது. தோட்டம் தனியார் நிலம். துரையின் இசைவின்றி அயலார் அதனுள் நுழைதல் குற்றமாகக் கருதப்பட்டது. எனவே அயற்றோட்டத்து உறவினரைக் காணவும், ஊர்ச்செய்தி கேட்கவும், தொழிற்சங்கத்தார் சொல்வதைச் செவிமடுக்கவும் நகரமும் அதன் சந்தைத் தெருவுமே பொதுவிடங்களாயின. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அவ்வாண்டு மே மாதத்தில், பொலிஸ் தடையையும் மீறி, கலாநிதி என். எம். பெரேரா பதுளையிற் கூட்டத்தில் உரையாற்றினார். கூலிக்காக நகருக்கு நடந்து பழகிய கால்களே உரிமைக்காகவும் நடந்தன எனலாம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஊவாக் கிராமத்துச் சிங்கள விவசாயி விளைவித்த காய்கறிக்குத் தோட்டத் தமிழரே வழமையான கொள்வோராக இருந்தனர். சந்தைச் சிங்களமும் சந்தைத் தமிழும் அவர்களிடையே தடையின்றி வழங்கின. சந்தை ஏற்றுக்கொண்ட அண்டை வீட்டாரைச் சட்டம் அந்நியரென்றது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் பலர் கப்பலேறினர். புறப்படுமுன் தட்டுமுட்டுச் சாமான்களைக் கிடைத்த விலைக்கு விற்றுச் செல்லும் நிலையும் அவர்களுக்கு நேர்ந்தது.

1973–74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது சந்தையின் உறவே தலைகீழாயிற்று. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. வெளிச்சந்தையில் விலை ஏறியது. கிராமத்தவருக்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்கு அதுவும் இல்லை. பொருள் வாங்கச் சென்றவர்கள் பித்தளைக் குடத்தையும் மூக்குத்தியையும் விற்று மரவள்ளிக் கிழங்குடன் மீண்டனர். 1974இல் தோட்டப்பகுதி இறப்பு விகிதம் நாட்டின் பொது விகிதத்தினும் மிக உயர்ந்திருந்தது. இதற்குப் பின் 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய கடைத்தெருவிலேயே அது நிகழ்ந்தது. நாட்பட்ட கொடுக்கல் வாங்கல் மட்டும் மனிதருக்குக் காவலாகாது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று. சட்டத்தில் சமநிலை இல்லாதவரின் காசுக்குச் சந்தையில் மதிப்பிருக்கலாம். அவர் உயிருக்கும் உடைமைக்கும் அங்குப் பாதுகாப்பில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் குடியுரிமை கிட்டியது. வெலேகடைக் கட்டடம் இன்று பாதுகாக்கப்படும் பழஞ்சின்னமாக விளங்குகின்றது. ஊவாவின் வாரச் சந்தைகளோ தொடர்ந்து கூடுகின்றன. அவற்றுக்கு வரும் தொழிலாளர் வாக்காளராயும் வருகின்றனர். ஆனால் பெரும்பாலோர் இன்னும் தமக்கெனக் காணியில்லாத லயங்களிலிருந்தே இறங்கி வருகின்றனர். சந்தையில் வாங்குவோராக மட்டுமின்றி, தம் நிலத்தில் விளைந்ததை விற்போராகவும் அவர்கள் அமரும் நாள் வரும்போதே, துண்டுக் காலத்திற் தொடங்கிய இவ்வரலாறு ஒரு முடிவை எய்தும்.