மூன்றாவது கை பிறந்த கதை

ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் கிடார்க்காரருக்குத் தன் பாணி என்று பிடிவாதம் பிடிக்க இடமில்லை. காலையில் ஒருவர் பாட்டு, மாலையில் வேறொருவர் பாட்டு. கேட்ட ஒலியைக் கேட்ட நேரத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சலீஸில் அப்படிப் பிழைத்தவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் வைட். ரிக் நெல்சன், மங்கீஸ் போன்றவர்களின் இசைத்தட்டுகளில் அவர் வாசிப்பு இருக்கிறது. அவருடைய பழைய டெலிகாஸ்டர் கிடார் ஒன்றின் முதுகைக் குடைந்து உருவான கருவியைப் பற்றித்தான் இந்தக் கதை.

1944இல் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் பிறந்தவர் கிளாரன்ஸ். பத்து வயதில் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்கு வந்தார். அண்ணன் ரோலண்டோடு சேர்ந்து கென்டக்கி கர்னல்ஸ் என்ற குழுவில் ப்ளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசை வாசித்தார். அப்போது கையில் இருந்தது மின்சாரம் தொடாத மரக் கிடார். ஊரெங்கும் ராக் இசை அடித்த அலையில் அந்தப் பிழைப்பு வற்றியது. கிளாரன்ஸ் எலக்ட்ரிக் கிடாரைக் கையில் எடுத்தார். ஆனால் காதில் இருந்தது வேறொரு வாத்தியம்: பெடல் ஸ்டீல்.

நாட்டுப்புறப் பாணி அமெரிக்கப் பாடல்களில் அழுவதுபோல வழுக்கிக்கொண்டு போகுமே, அந்த ஒலி பெடல் ஸ்டீலுடையது. உட்கார்ந்து வாசிப்பது அது. காலால் மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட தந்தியின் சுருதி மட்டும் ஏறும். மற்றவை நின்ற இடத்தில் நிற்கும். சாதாரண கிடாரிலும் சுருதியை ஏற்றலாம். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்து கமகம் பிடிப்பதுபோல, விரலால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஆனால் நான்கு விரல்களும் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டைப் பிடித்திருக்கும்போது, அதற்குள்ளிருந்து ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் சுத்தமாக மேலே ஏற்றுவது பெரும்பாடு.

கிளாரன்ஸ் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். கிடாரின் தலைப்பக்கம், தந்திகள் முறுக்காணிக்குப் போகும் முன் ஒரு சிறு பட்டையைத் தாண்டுகின்றன. அதற்கு அப்பால் தந்தியை அழுத்தினால் சுருதி ஏறும். கழுத்தின் தொடக்கத்தில் வாசிக்கும்போது இடது கை அங்கே எட்டும். மேலே போய்விட்டால் எட்டாது. 1967 வாக்கில் ஒரு ஒலிப்பதிவில், எட்டாத அந்த இடத்தில் தந்தியை அழுத்தித் தரும்படி பக்கத்தில் இருந்த டிரம்மரைக் கேட்டுக்கொண்டார். அவர் வாசித்தார், டிரம்மர் அழுத்தினார், ஒலி வந்தது. இப்போது தேவைப்பட்டது மூன்றாவது கை.

அந்த டிரம்மர் ஜீன் பார்சன்ஸ். இயந்திரப் பட்டறை வேலை தெரிந்தவர். வேறு டிரம்மராக இருந்திருந்தால் இது ஸ்டுடியோவில் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதையாக முடிந்திருக்கும். பார்சன்ஸ் இதற்கு ஒரு கருவி செய்யலாம் என்றார். முதலில் பல தந்திகளுக்கும் செய்வதாகத்தான் யோசனை. முடிவில் ஒரே ஒரு தந்தி போதும் என்றானது: பி சுருதியில் நிற்கும் இரண்டாவது தந்தி. அது சி ஷார்ப் வரை ஏற வேண்டும். நம் கணக்கில் சொன்னால், ஸ-விலிருந்து சதுஸ்ருதி ரிஷபம் வரை உள்ள தூரம்.

ஏற்றுவதற்கு எதை அசைப்பது? காலில் மிதி வைத்தால் கிடார்க்காரரைத் தரையோடு கட்டிப்போட்டதாகிவிடும். ஊர் ஊராகப் போய் மேடையில் நின்று வாசிப்பவருக்கு அது சரிப்படாது. வலது கை தந்திகளை மீட்டுகிறது, இடது கை மெட்டுகளில் இருக்கிறது. மிச்சம் இருப்பது தோள்! கிடாரைத் தாங்கும் வார் மாட்டியிருக்கும் குமிழையே பார்சன்ஸ் நெம்புகோலாக்கினார். வாசிப்பவர் இடது கையால் கிடாரின் கழுத்தைச் சற்றே கீழே அழுத்துவார். தோளில் கிடக்கும் வார் விட்டுக்கொடுக்காது. குமிழ் மேலே இழுபடும். உடலுக்குள் ஓடும் கம்பி அந்த இழுப்பை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கே இரண்டாவது தந்தி மாட்டியிருக்கும் சிறு உருளையைத் திருப்பும். கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடும்.

சொல்ல எளிது. ஆனால் கிடாரின் எடை முழுவதும் தொங்குவதும் அதே வாரில்தான். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் கிடாரின் பாரத்திலேயே சுருதி ஏறிவிடும். இறுக்கமாக இருந்தால் வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டும். தந்தி எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தடுப்புத் திருகு வேண்டும். இல்லையென்றால் மேலே போன ஸ்வரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும். இந்தச் சமநிலையைக் கண்டதுதான் பார்சன்ஸின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

உதிரி பாகங்கள் சில, பெடல் ஸ்டீல் கலைஞர் ஸ்னீக்கி பீட் கிளைனோ கொடுத்தவை. ('கம்பி' (Gumby) என்ற களிமண் பொம்மையை அசையவைத்த கலைஞர்களில் இவரும் ஒருவர், அந்த ஊரில் யாருக்கும் ஒரே தொழில் இல்லை போல.) எல்லாவற்றையும் உள்ளே வைக்க கிளாரன்ஸின் 1950களின் டெலிகாஸ்டரைக் குடைய வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் முதுகில் இன்னொரு பலகை சேர்ந்தது. மெலிந்த கிடார் தடித்துப் போனது. சோறு போடும் கருவியை அறுக்கச் சம்மதித்த கிளாரன்ஸின் துணிச்சலுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

1968இல் கிளாரன்ஸும் பார்சன்ஸும் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் சேர, அந்தக் கிடார் மேடை மேடையாகச் சுற்றியது. கண்டுபிடிப்புக்கு 1970இல் காப்புரிமை கிடைத்தது. டெலிகாஸ்டரைத் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் மாதிரிகள் செய்து பார்த்தது. அப்போது பெருவாரியாகச் சந்தைக்கு விடவில்லை. கேட்டு வந்தவர்களின் கிடார்களில் பார்சன்ஸ் தாமே பொருத்திக் கொடுத்தார். ஈகிள்ஸின் பெர்னி லெடன், லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் எல்லாரும் இந்தக் கருவியை வாசித்தவர்கள். தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்திய டெலிகாஸ்டர்களை ஃபெண்டர் விற்கத் தொடங்க 1990கள் வரை ஆனது.

கிளாரன்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1973 ஜூலையில் பாம்டேல் என்ற ஊரில் கச்சேரி முடித்து வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவரின் கார் மோதி இறந்தார். வயது 29. கிடார் அவர் மனைவியிடம் இருந்தது. 1980இல் அதை மார்ட்டி ஸ்டுவர்ட் வாங்கினார். சிறுவனாக இருந்தபோது கிளாரன்ஸின் அண்ணன் ரோலண்டின் கைப்பிடித்து இசைத்தொழிலுக்கு வந்தவர் அவர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

கருவியைப் பற்றிப் படித்தது போதும். பேர்ட்ஸ் குழுவின் 1969 இசைத்தட்டான 'டாக்டர் பேர்ட்ஸ் அண்ட் மிஸ்டர் ஹைட்'-இல் 'நாஷ்வில் வெஸ்ட்' என்று வாய்ப்பாட்டு இல்லாத ஓர் உருப்படி இருக்கிறது. கிடார் வாசிப்பது கிளாரன்ஸ், டிரம்ஸ் வாசிப்பது பார்சன்ஸ். ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள்.