தமிழ்நாட்டில் அரசும் தொண்டு நிறுவனங்களும்

தமிழ்நாட்டில் அரசும் தன்னார்வத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டமும், பின்னர் மாநிலம் தனக்கென இயற்றிக்கொண்ட 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த அமைப்புகளுக்குச் சட்ட உருவம் தந்தன. ஆனால் பதிவு எண் எந்தக் கூட்டுப்பணியையும் வாழவைத்ததில்லை. யார் எதைச் செய்வது, அதற்கு யார், எப்போது பணம் தருவது என்பது முன்கூட்டியே தெளிவாக இருந்து, இறுதிப் பொறுப்பை அரசே சுமந்த இடங்களில் அது வேரூன்றியது. தொண்டு நிறுவனத்தை மலிவான கூலியாளாக நடத்திய இடங்களில் வாடியது.

தொடக்கம் பள்ளிக்கூடத்தில்தான். 1854-இல் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையை அடுத்து, 1855-இல் சென்னை மாகாணம் தனியார் பள்ளிகளுக்கான மானிய விதிகளை வகுத்தது. பள்ளியை நிர்வாகம் நடத்தும். நிபந்தனைகளை நிறைவேற்றினால் அரசு மானியம் தரும். அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றலே இன்றைய அரசு உதவிபெறும் பள்ளி. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊராரும் செலவில் பங்கேற்றார்கள். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் கட்டட நிதியும் ஊர்மக்களிடமிருந்தே வந்தன. அந்த நன்கொடைகளைக் காரணம் காட்டி அரசு கல்விச் செலவிலிருந்து ஒதுங்கிக்கொள்ளவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவத்தில் இதன் தெளிவான சான்று கண்புரை அறுவைச் சிகிச்சை. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். இலவசமாகச் செய்யும் ஒவ்வோர் அறுவைக்கும் இவ்வளவு என்று அத்திட்டத்தில் தொண்டு மருத்துவமனைகளுக்குத் தொகை வரையறுக்கப்பட்டது. எத்தனை பேருக்கு அறுவை நடந்தது, பார்வை திரும்பியதா என்பது எண்ணிப் பார்க்கக்கூடியது. அதனால் அரசுக்குச் சந்தேகமும் மருத்துவமனைக்குக் கெஞ்சலும் குறைவு.

எல்லாப் பணியையும் அப்படி எண்ணிவிட முடியாது. 1991-இல் புதுக்கோட்டையில் மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் தொண்டர்களும் சேர்ந்து நடத்திய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரிகளைப் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் இதைப் பதிவது? தருமபுரியில் 1989-இல் தொடங்கிய சுயஉதவிக் குழு முயற்சி, 1997-க்குப் பின் மகளிர் திட்டமாக மாநிலம் முழுதும் பரவியபோது இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. குழுக்களை அமைத்துப் பயிற்சி தரும் பணி தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தொகையோ குழுவின் எண்ணிக்கையை ஒட்டிக் கணக்கிடப்பட்டது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எண்ணிக்கைதான் பெருகும். ஒரு குழுவுக்குள் சண்டை தீர்த்து, கணக்கு எழுதப் பழக்கி, வங்கிக்குக் கூட்டிப்போகும் உழைப்பு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இந்த வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரியது நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உதவ வந்த அமைப்புகள் நூற்றுக்கணக்கில். ஒரே குப்பத்துக்கு நான்கு லாரி போகும், அடுத்த குப்பத்துக்கு ஒன்றும் போகாது. யாரும் உடுத்தாத பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. 2005 சனவரித் தொடக்கத்தில், உள்ளூரில் ஏற்கெனவே மீனவரிடையே வேலை செய்துவந்த ஸ்நேகா, சிஃப்ஸ் ஆகிய அமைப்புகளின் முன்முயற்சியில் ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைந்தது. எந்த ஊருக்கு என்ன தேவை, யார் பொறுப்பேற்றிருக்கிறார் என்ற பட்டியல் அங்கே இருந்தது; மக்களின் குறை அதே அறை வழியாக அதிகாரிகளுக்குப் போனது. வீடு கட்டும் கட்டத்தில் அரசாணைகள் பங்கைப் பிரித்தன: நிலம் அரசினுடையது, கட்டுவது தொண்டு நிறுவனம், தரத்தையும் அளவையும் வரையறுப்பது அரசு, பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும். குறைகள் இருந்தன, தார் அட்டைத் தற்காலிகக் குடியிருப்புகளின் வெக்கையை மக்கள் மாதக்கணக்கில் தாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது.

2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையை நடத்தும் பொறுப்பு இ.எம்.ஆர்.ஐ. என்ற லாப நோக்கமற்ற அமைப்புக்குத் தரப்பட்டது. சில மாதங்களில், 2009 சனவரியில், அதைத் தோற்றுவித்த ராமலிங்க ராஜு சத்யம் நிறுவன முறைகேட்டில் கைதானார். வண்டிகள் நிற்கவில்லை. நடத்துச் செலவை அரசு ஏற்றிருந்ததே அதற்கு முக்கியக் காரணம். வள்ளலை நம்பி நடந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மக்கள் நலப் பணிகளை அரசே நேரடியாகச் செய்ய வேண்டும், தேர்ந்தெடுக்கப்படாத அமைப்புகளிடம் ஏன் விட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பொறுப்பு அரசினுடையது என்பதில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தெருவில் அலையும் மனநோயாளியிடம் பேசிப் பழகி நம்பிக்கை பெற ஆகும் மாதங்களை எந்தத் துறையின் பணிப்பட்டியலும் கணக்கில் கொள்வதில்லை. போலி அமைப்புகள் பணத்தை விழுங்கும் என்பது இன்னொரு எதிர்ப்பு. இதற்கு மருந்து கண்காணிப்பே. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டது, அரசு பார்க்காமல் விட்டதன் விலை. பயன்பாட்டுச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைப்பது கண்காணிப்பு ஆகாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அரசுப் பணம் வாங்கினால் அரசைக் கேள்வி கேட்கும் வாய் அடைபடும் என்பதே இவற்றில் கனமான எதிர்ப்பு. அதை முழுதாகத் தட்டிக்கழிக்க முடியாது. ஆட்சியர் அலுவலகத்துக்குள் உட்கார்ந்தே மீனவர் குறையை எடுத்துச் சொன்ன நாகை மையம், அது முடியாத காரியமல்ல என்பதற்குச் சான்று.

இப்போது நெருக்கடி கூடியிருக்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஒரு நிறுவனம் தான் பெற்ற தொகையை இன்னொன்றுக்கு மாற்றித் தருவதைத் தடுத்தது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்ற சிற்றூர் அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி வரும் சமூகப் பொறுப்பு நிதி, ஆலைகள் இருக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை தருகிறது. ஆலையில்லாத மாவட்டத்துக்கு மாநில அரசை விட்டால் யார்? சாலைப் பணிக்குப் பொருந்தும் குறைந்த விலை ஒப்பந்தப்புள்ளி முறையை மனநலக் காப்பகத்துக்கும் பொருத்தாமல், முழுச் செலவையும் கணக்கிட்டு, மூன்றாண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும். அதில் இன்ன தேதிக்குள் தொகை வழங்கப்படும், தவறினால் வட்டி சேரும் என்ற ஒரு வரியைச் சேர்க்கத் தமிழக அரசு முன்வர வேண்டும்.