மாடலாக இருக்கலாம், வரையக் கூடாது!

லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியக் கழகம் 1768-ல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பேர் பெண்கள்: ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர். அந்தக் காலத்திலேயேவா என்று ஆச்சரியப்பட்டுவிட வேண்டாம். சில வருடங்கள் கழித்து யோகான் சோஃபனி என்ற ஓவியர் அகாடமி உறுப்பினர்களை ஒரே படத்தில் வரைந்தார். ஆண்கள் எல்லோரும் நிர்வாண மாடல்களைச் சுற்றி நின்றும் உட்கார்ந்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்கள் எங்கே? சுவரில்! ஆமாம், மாட்டிவைத்த படங்களாக இருக்கிறார்கள். நிர்வாண மாடல் இருக்கும் அறைக்குள் பெண்கள் வருவது மரியாதை இல்லை என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு.

இது ஏதோ சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்த நாளில் பெரிய பெயரும் பெரிய பணமும் புராண, சரித்திரக் காட்சிகளை வரைந்தவர்களுக்குத்தான். அதற்கு மனித உடம்பைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியிருக்க வேண்டும். பெண்களுக்கு அந்தப் பழக்கமே மறுக்கப்பட்டது. பேரேட்டைக் கண்ணில் காட்டாமல் பாலன்ஸ் ஷீட் போடச் சொன்ன கதைதான். பிறகு "பெரிய பெண் ஓவியர் யாராவது உண்டா?" என்று கேள்வி வேறு! 1971-ல் லிண்டா நாக்லின் என்ற கலை வரலாற்று அறிஞர் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். திறமையில் குறை இல்லை, பள்ளிக்கூடங்களின் விதிகளில்தான் குறை என்பது அவர் பதில்.

ராயல் அகாடமி பள்ளியில் மாணவிகளுக்கு அந்த வகுப்பு கிடைத்தது 1893-ல். அதுவும் மாடல் இடுப்பில் துணி சுற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

லாரா நைட் மாணவியாக இருந்தது நாட்டிங்காம் கலைப் பள்ளியில். அங்கும் பெண்களுக்கு மாடல் கிடையாது. பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். 1913-ல் அவர் அதற்குப் பதில் சொன்னார். படத்தில் தொப்பியும் சிவப்பு மேல்சட்டையும் போட்டு அவரே நிற்கிறார். பக்கத்தில் நிர்வாணமாக ஒரு மாடல். அந்த மாடலை அவர் வரைந்துகொண்டிருக்கும் கேன்வாஸும் தெரிகிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து வரைகிறாள், அவ்வளவுதான் விஷயம். ஒரு பத்திரிகை விமர்சகர் அதைக் கொச்சையானது என்று எழுதினார். ஆண்கள் ஆயிரக்கணக்கில் வரைந்து தள்ளியபோது வராத கொச்சை இதில் மட்டும் எப்படி வந்ததோ! 1936-ல் அதே லாரா நைட் அகாடமியின் முழு உறுப்பினராகத் தேர்வானார். நிறுவன உறுப்பினர்களான அந்த இருவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். நடுவில் போனது 168 வருடங்கள்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் நம் காலத்துப் பெண் ஓவியர்கள் பெண் உருவத்தை வரைவதன் அருமை புரியும். ஜென்னி சாவில் 1970-ல் பிறந்தவர். கிளாஸ்கோ கலைப் பள்ளியில் படிப்பை முடித்த 1992-ல் 'ப்ராப்டு' என்ற படத்தை வரைந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பருத்த பெண், கைவிரல்கள் தன் தொடைச் சதையையே அழுத்திப் பிடிக்கின்றன. மாடல் அவரேதான். அழகுக்காக எதையும் குறைக்கவில்லை. கீழேயிருந்து பார்க்கும் கோணத்தில் அந்த உடம்பு ஒரு மலை மாதிரி எழுந்து நிற்கிறது.

2018 அக்டோபரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் இது 95 லட்சம் பவுண்டுக்குப் போனது. உயிரோடிருக்கும் பெண் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை கிடைத்த அதிகபட்ச விலை. ஆனால் அன்றிரவு அதே ஏலத்தில்தான் பேங்ஸியின் படம் ஃப்ரேமுக்குள் தானாகவே கிழிந்தது. மறுநாள் உலகம் முழுக்கக் கிழிந்த படம்தான் செய்தி! அடுத்த மாதமே டேவிட் ஹாக்னியின் படம் 9 கோடி டாலருக்கு விற்றது. சாவிலின் சாதனை விலையைப் போல அது ஏழு மடங்கு. சாவிலின் சாதனையை 2025 மே மாதம் மர்லீன் டூமாவின் 'மிஸ் ஜனவரி' முறியடித்தது, 1 கோடியே 36 லட்சம் டாலர். அதுவும் ஒரு பெண், ஒரு பெண்ணை வரைந்த படம்தான்.

இந்தியாவில் அர்ப்பிதா சிங் இருக்கிறார். 1937-ல் வங்காளத்தில் பிறந்து டெல்லியில் வாழ்பவர். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். அவர் படங்களில் துப்பாக்கியும் பூவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நடுவில் வயதான ஒரு பெண் உடம்பு. 'தேவி பிஸ்டல் வாலி' படத்தில் வெள்ளைப் புடவை கட்டிய நடுத்தர வயதுப் பெண்மணிக்குப் பல கைகள், ஒன்றில் துப்பாக்கி. பக்கத்து வீட்டு மாமி காளியாக நின்றால் எப்படியிருக்கும், அப்படி. லண்டன் சர்ப்பன்டைன் காலரியில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது 2025-ல், 87 வயதில்.

ஆனால் பெண் உருவத்தை வரைந்து ஒரு நாட்டின் சட்ட விவாதத்துக்குள்ளேயே நுழைந்தவர் என்றால் அது பவுலா ரெகோ. 1935-ல் லிஸ்பனில், சலாசார் சர்வாதிகாரத்தின் கீழ் பிறந்தவர், லண்டனில் ஓவியம் படித்தவர். 1994-ல் அவர் வரைந்த 'நாய்ப் பெண்' நான்கு காலில் நின்று உறுமுகிறாள். அதைப் பார்த்தபின் 'மெல்லியலாள்' என்ற வார்த்தையே வாயில் வராது.

1998 ஜூனில் போர்ச்சுகலில் கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் ஒருவர்கூட ஓட்டுப் போட வரவில்லை. வந்தவர்களில் 51 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சட்டம் தடுத்தால் கருக்கலைப்பு நின்றுவிடுமா என்ன? திருட்டுத்தனமாக நடக்கும், பணம் இல்லாதவள் சாவாள். அது ரெகோவுக்குத் தெரியும். தானும் அதைக் கடந்து வந்ததை அவர் மறைக்கவில்லை. கோபத்தில் பாஸ்டல் குச்சிகளை எடுத்தார். ஒரு வருடத்துக்குள் பெரிய பெரிய படங்களாக ஒரு வரிசையே வந்தது.

தலைப்பு எதுவும் கிடையாது. ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் வாளி, மடக்கு நாற்காலி, காலை மடக்கிக்கொண்டு ஒரு பெண். ஒரு படத்தில் இருப்பவள் பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார், ரத்தத்தைக் கண்டால் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே! சில பெண்கள் வலியில் பல்லைக் கடித்தபடி நேராக நம் கண்ணைப் பார்க்கிறார்கள். பல நூறு வருட ஓவியத்தில் கட்டிலில் படுத்திருக்கும் பெண் என்றால் யாருக்கோ காத்திருக்கும் அழகி. அதே கட்டில், அதே படுக்கை நிலை, இங்கே வேறு காரணம்.

1999-ல் லிஸ்பனில் இவை காட்சிக்கு வந்தன. அதோடு விடாமல், இதே விஷயத்தை எட்சிங் எனும் தகட்டு அச்சுப் படங்களாகவும் போட்டார். பாஸ்டல் படம் ஒன்றே ஒன்றுதான், அச்சுப் படம் பல பிரதிகள், பல ஊர்களுக்குப் போகும்.

2007 பிப்ரவரியில் மறுபடியும் வாக்கெடுப்பு. இந்த முறை 59 சதவீதம் பேர் சம்மதம் சொன்னார்கள். அந்த வருடமே பத்து வாரம் வரையிலான கருக்கலைப்பு அங்கே சட்டபூர்வமானது. மக்கள் மனம் மாறியதில் ரெகோவின் படங்களுக்கும் பங்கு உண்டு என்று போர்ச்சுகலில் பலர் சொல்கிறார்கள். 2016-ல் ராயல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது, அப்போது அவருக்கு வயது 81. 2022 ஜூனில் லண்டனில் காலமானார். லிஸ்பனுக்குப் பக்கத்தில் கஷ்கைஷ் என்ற கடலோர ஊரில் அவர் படங்களுக்கென்றே 2009-ல் ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். அதன் பெயர் 'கதைகளின் வீடு'.