பாட்டுக் கேட்கும் காடும் குஞ்சு பறக்கும் காடும்: நடுமேற்கு அமெரிக்கக் கூடுகள் சொல்வது

ஒரு காட்டில் பறவை பாடுகிறது என்பதால் அது அங்கே பெருகுகிறது என்று கொள்ள முடியாது. காட்டிழப்பின் விளைவைத் தலைகளை எண்ணியே மதிப்பிடும் வழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. எண்ண வேண்டியவை கூடுகள். அவற்றிலும் குஞ்சு பறந்துபோன கூடுகள்.

ஸ்காட் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. அமெரிக்காவின் நடுமேற்கில் ஒன்பது நிலப்பரப்புகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் ஓரிடத்தில் 6 விழுக்காடே காடு, இன்னோரிடத்தில் 95. காடு சிதையச் சிதைய, கூடுகள் சூறையாடப்படுவதும் அவற்றில் அந்நிய முட்டை சேர்வதும் கூடின. மிகவும் சிதைந்த இடங்களில் சில இனங்கள் தம் இறப்பை ஈடுகட்டும் அளவுக்குக் குஞ்சு வளர்க்கவில்லை. பெருங்காடுகளில் பிறந்த பறவைகள் வந்து குடியேறுவதால்தான் அங்கே அவ்வினங்கள் தொடர்கின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. ரொனால்ட் புல்லியம் 1988-இல் முன்வைத்த ‘ஊற்று, வடிகால்’ கோட்பாடு இதையே விளக்குகிறது: பெருங்காடு ஊற்று, சிதைந்த காடு வடிகால். வடிகாலில் நின்று எண்ணுபவருக்கு நீர் வற்றாதது போலவே தோன்றும்.

அந்நிய முட்டை இடுவது பழுப்புத்தலைக் கௌபேர்ட். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இது புல்வெளியில் பைசன் மந்தைகளைத் தொடர்ந்து வாழ்ந்த பறவை. காட்டை வெட்டி வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கியபோது அதற்கு வழி திறந்தது. மாடு மேயும் இடத்தில் இரை தேடிவிட்டு, பல கிலோமீட்டர் தள்ளியுள்ள காட்டுக்குள் சென்று முட்டையிட அதனால் முடியும். ஆகவே ஒரு காட்டுத் துண்டின் பரப்பளவு மட்டும் அதிலுள்ள கூடுகளின் விதியை முடிவு செய்வதில்லை. சுற்றியுள்ள நிலமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

கூடுகளை எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு. முதல் சில நாட்களிலேயே அழிந்த கூடு ஆய்வாளர் கண்ணில் படுவதே இல்லை. நீடித்து நின்ற கூடுதான் படுகிறது. கண்டவற்றில் எத்தனை வென்றன என்று வகுத்தால் விடை உண்மையைவிட இனிப்பாகவே வரும். ஹெரால்ட் மேஃபீல்ட் 1961-இல் இதற்குத் தீர்வு சொன்னார்: கூட்டைக் கண்ட நாளிலிருந்து, நாளொன்றுக்குத் தப்பும் வாய்ப்பைக் கணக்கிட வேண்டும். முட்டையிலிருந்து பறப்பு வரை 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 96 விழுக்காடு தப்பினால் 36 விழுக்காடு கூடுகள் வெல்லும். 93 ஆனால் 16 மட்டுமே. மூன்றே விழுக்காட்டு வேறுபாடு வெற்றியைப் பாதிக்கும் கீழே தள்ளிவிடுகிறது.

இரைகொல்லிகளை மட்டும் குற்றம் சொல்வதும் போதாது. ஆஸ்திரேலியாவில் கிழக்கு மஞ்சள் ராபின் பறவையை ஆராய்ந்த லியானா ஸானெட் குழுவினர், சிறு காட்டுத் துண்டுகளில் தரையில் ஊரும் பூச்சிகள் குறைவாக இருந்ததையும், அங்கே முட்டைகள் எடை குறைந்து, குஞ்சுகள் சிறுத்து, இனப்பெருக்கப் பருவமே சுருங்கியதையும் 2000-இல் காட்டினார்கள். எதிரி வராத கூட்டிலும் பசி இருந்தது.

துண்டாடலைவிடப் பரப்பிழப்பே பெருங்கேடு என்று லெனோர் ஃபாரிக் 2003-இல் வாதிட்டார். பொதுவிதியாக அதை ஏற்கலாம். ஆனால் நடுமேற்கில் காடு குறைந்த இடத்தில்தான் துண்டுகளும் சிறுத்தன, விளிம்புகளும் பெருகின. அங்கே கூட்டிலிருக்கும் பறவைக்கு இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

இன்னொரு மறுப்பு கனமானது. ஒரு கூடு அழிந்தால் பறவை மீண்டும் கட்டும். எனவே தனிக் கூட்டின் தோல்வி பருவத்தின் தோல்வி ஆகாது. சூறையாடலைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் கௌபேர்ட் முட்டையிட்டதாலேயே ஒரு கூடு அழிவதில்லை. பல வேளைகளில் அது ‘வெல்கிறது’. வார்ப்ளர் என்னும் சின்னஞ்சிறு பறவை தன் குஞ்சுகளை இழந்தபின், தன்னைவிடப் பருத்த அந்நியக் குஞ்சுக்கு வாரக்கணக்கில் இரையூட்டுகிறது. மறுகூடு கட்டும் நாட்கள் அதிலேயே கரைகின்றன. அந்தக் கோடையில் கணக்கெடுக்க வருபவரின் ஏட்டில் அந்தத் தாயும் ஒரு பறவையாகவே பதிவாகும்.