ஒரு பவுண்டு தானியம்!

1877, ஜனவரி 1. டெல்லியில் தடபுடலான தர்பார். விக்டோரியா மகாராணியை 'இந்தியாவின் சக்கரவர்த்தினி' என்று பிரகடனம் செய்தார் வைஸ்ராய் லிட்டன் பிரபு. ராஜாக்கள், நவாப்புகள், அலங்கார யானைகள், பீரங்கி முழக்கம், விருந்து... அமர்க்களம்!

அதே நாட்களில் சேலம் ஜில்லாவில் மனிதர்கள் புல் விதையையும் கிழங்கையும் தோண்டித் தின்றுகொண்டு இருந்தார்கள். முந்தின வருஷம் பருவமழை பொய்த்துவிட்டது. ஏரிகள் வறண்டு, கிணறுகள் வறண்டு, ஆடு மாடுகள் செத்து, கடைசியில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கிராமங்களில் இன்றும் பெரியவர்கள் வாயில் அடிபடுகிற 'தாது வருஷப் பஞ்சம்' இதுதான்.

சேலம் ஜில்லா என்றால் இன்றைய சேலம் மட்டும் இல்லை. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய ஜில்லா அது. 1871-ல் எடுத்த கணக்குப்படி அங்கே சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் மறுபடி எண்ணிப் பார்த்தபோது 16 லட்சம்கூடத் தேறவில்லை. பத்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து எண்ணியும் அவ்வளவுதான்!

இந்தச் சோகத்தின் நடுவே ஒரு விஞ்ஞானச் சண்டை நடந்தது. நம் சரித்திரப் புத்தகங்களில் அதற்கு அதிகம் இடம் கிடைப்பதில்லை. சண்டை எதைப் பற்றி? புரதம்... அதாவது, புரோட்டீன்!

சண்டையின் ஒரு பக்கம், சர் ரிச்சர்டு டெம்பிள். மூன்று வருஷம் முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வரவழைத்து ஜனங்களைக் காப்பாற்றிய புண்ணியவான்தான் இவர். ஆனால் அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, திட்டு! 'சர்க்கார் பணத்தைத் தண்ணீராக இறைத்துவிட்டார்' என்று லண்டன் பத்திரிகைகள் வரை கிண்டல். மனுஷன் பாடம் கற்றுக்கொண்டார். தப்பான பாடம். 1877 ஜனவரியில் லிட்டன் பிரபு அவரை மெட்ராஸுக்கு அனுப்பியபோது, 'இந்தத் தடவை சிக்கனம்' என்ற முடிவோடு வந்து இறங்கினார்.

பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் கூடக் கொஞ்சம் சில்லறையும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. ஏற்கெனவே கொடுத்துவந்ததை வெட்டித்தான் இந்த ஏற்பாடு. சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மறுபக்கம், டாக்டர் டபிள்யூ.ஆர்.கார்னிஷ். மெட்ராஸ் ராஜதானியின் சுகாதார கமிஷனர். தென்னிந்தியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜெயில் கைதிகளுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதையெல்லாம் 1860-களிலேயே ஆராய்ந்து எழுதியவர். டெம்பிளின் உத்தரவைப் பார்த்ததும் கொதித்துப்போனார். 'ஜெயிலில் இருக்கிற கைதிக்குக்கூட இதைவிட அதிகம் தருகிறோம். நாள் முழுக்க மண் வெட்டிக் கல் உடைக்கிறவனுக்கு ஒரு பவுண்டு எப்படிப் போதும்? இதில் உடம்புக்கு வேண்டிய நைட்ரஜன் இல்லை. பருப்பு சேர்த்துக் கொடுங்கள்' என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

நைட்ரஜனா? பஞ்சத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் ஹாலந்து வரை போய் வருவோம். 1838-ல் அங்கே முல்டர் என்கிற ரசாயன நிபுணர் முட்டையின் வெள்ளைக்கரு, ரத்தம் இவற்றையெல்லாம் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜனோடு நைட்ரஜனும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தது. ஸ்வீடன் விஞ்ஞானி பெர்ஸீலியஸ் இதற்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்தார்... 'புரோட்டீன்'. கிரேக்க மொழியில் 'முதன்மையானது' என்று பொருள். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் கிடையாது. எனவே, உணவில் எவ்வளவு நைட்ரஜன் என்று அளந்தால், எவ்வளவு புரதம் என்று சொல்லிவிடலாம். கார்னிஷ் கையில் இருந்த ஒரே ஆயுதம் இதுதான்.

இன்று நமக்கு அதைவிட அதிகம் தெரியும். புரதம் என்பது ஒரு சங்கிலி. அதன் கண்ணிகள்தான் அமினோ அமிலங்கள். மொத்தம் 20 வகை. தமிழில் 247 எழுத்துகளை வைத்துக்கொண்டு எத்தனை வார்த்தை எழுதலாம்! அதுபோல இந்த 20-ஐ மாற்றி மாற்றிக் கோத்துத்தான் தசை, தோல், ரத்தத்தின் சிவப்பு, ஜீரண என்ஸைம், தலைமுடி, ஏன்... சேலம் வெண்பட்டு வேட்டியின் பட்டு உள்பட எல்லாம் தயாராகிறது.

இந்தச் சங்கிலி சும்மா நீளமாகக் கிடப்பதில்லை. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் அல்லவா? சங்கிலியில் சில கண்ணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும். சிலவற்றுக்கு எண்ணெய் மாதிரி, தண்ணீர் என்றாலே ஆகாது. ஆகாதவை உள்ளே ஒளிந்துகொள்ள, பிடித்தவை வெளியே நிற்க, நூல்கண்டு மாதிரி சுருண்டு கச்சிதமான வடிவம் எடுக்கிறது. சூடு காட்டினால் கண்டு அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கண்ணாடி மாதிரி இருக்கும் வெள்ளைக்கரு, வெந்ததும் பால் வெள்ளையாகக் கெட்டியாகிறதே, அது இந்தச் சிக்கல்தான். 1931-ல் சீன விஞ்ஞானி ஹ்சியன் வு இதை விளக்கினார்.

20 அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும். ஒன்பது மட்டும் முடியாது. சாப்பாட்டில் வந்தே ஆகவேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும். செங்கல் இருந்து சிமென்ட் இல்லாத வீடு மாதிரி.

அரிசி, கேழ்வரகு, கம்பு போன்ற தானியங்களில் 'லைஸின்' என்கிற அமினோ அமிலம் கம்மி. பருப்பில் அது தாராளம். பருப்பில் 'மெத்தியோனின்' கம்மி. தானியம் அதை ஈடுகட்டிவிடும். கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதமும், கேழ்வரகுக் களிக்குக் கொள்ளுக் குழம்பும் ருசிக்காக மட்டும் ஜோடி சேரவில்லை! கார்னிஷ் 'பருப்பு கொடு' என்று கேட்டபோது லைஸினைக் கண்டுபிடிக்கவே இன்னும் 12 வருஷம் பாக்கி. 1889-ல்தான் அது தெரியவந்தது. கண்ணால் பார்த்த அனுபவத்தை வைத்தே மனிதர் சரியான இடத்தில் கை வைத்தார்.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அவ்வளவு அரிசியில் சுமார் 30 கிராம் புரதம், 1,600 கலோரி. 65 கிலோ எடையுள்ள ஆணுக்குத் தினம் 54 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். பற்றாக்குறை இதோடு நிற்காது. கலோரி போதாதபோது உடம்பு கிடைத்த புரதத்தையும் விறகாக எரித்துவிடும். மாவுச்சத்தைச் சேமிக்கக் கல்லீரல், கொழுப்பைச் சேமிக்கத் தொப்பை என்று இடம் உண்டு. புரதத்துக்குக் குதிர் கிடையாது. இருக்கிற சுவரை இடித்துத்தான் எரிக்கவேண்டும். தசை போகும். பிறகு, சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் குடலின் உட்சுவர் போகும். அப்புறம் நல்ல சாப்பாடு கொடுத்தாலும் ஜீரணமாகாது! மெட்ராஸில் பஞ்சத்தில் இறந்தவர்களைப் பரிசோதித்த டாக்டர் அலெக்ஸாண்டர் போர்ட்டர், 1889-ல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படித் தேய்ந்துபோன உறுப்புகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இன்னொரு கொடுமை, எலும்பும் தோலுமான உடம்பில் கால் மட்டும் வீங்குவது. ரத்தத்தில் 'அல்புமின்' என்றொரு புரதம் உண்டு. தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் இழுத்துப் பிடித்து வைப்பது இதன் வேலை. அது குறைந்தால் தண்ணீர் கசிந்து திசுக்களில் தேங்கும். வீக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புரதத்துக்கு இன்னும் ஓர் உத்தியோகம் இருக்கிறது. நம் உடம்பு ஓயாமல் அமிலம் தயாரிக்கிறது. ஆனாலும் ரத்தத்தின் பி.ஹெச். அளவு 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே நிற்கும். (அமிலத்தை அளக்கும் இந்த பி.ஹெச். கணக்கை 1909-ல் கண்டுபிடித்த ஸோரன்ஸன் வேலை பார்த்தது, கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில்!) அளவு தாண்டாமல் காப்பவை 'பஃபர்'கள். பாடப் புத்தகத்தில் இதற்கு 'தாங்கல் கரைசல்' என்று பெயர். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்... தமிழில் தாங்கல் என்றால் ஏரி. வெள்ளம் வந்தால் உள்வாங்கிக்கொள்ளும், வறண்டால் திருப்பிக் கொடுக்கும். ரத்தத்தில் பெரிய தாங்கல் பைகார்பனேட். அடுத்தது ஹீமோகுளோபின் உள்ளிட்ட புரதங்கள். தாது வருஷத்தில் ஊர் ஏரிகளோடு உடம்புக்குள் இருந்த தாங்கல்களும் வற்றின.

கார்னிஷ் விடவில்லை. அறிக்கைமேல் அறிக்கையாக எழுதினார். கடைசியில் மெட்ராஸ் அரசாங்கம் கூலியை உயர்த்தியது. அதற்குள் வெயிலும் காலராவும் சேர்ந்துகொண்டுவிட்டன. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் அந்தப் பஞ்சத்துக்கு 50 லட்சம் பேருக்கு மேல் பலி. டெம்பிள் சென்ற இடம்? பம்பாய் கவர்னர் பதவி!

அதே சேலம் மண்ணின் பிற்காலக் கதையும் சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப் போரில், 1942-ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போயின. அங்கிருந்து வந்துகொண்டு இருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் அந்தத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்து பார்த்தார்கள். மழை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கிற பயிர் அது. ஆத்தூர், ராசிபுரம் என்று சேகோ ஆலைகள் பெருகின. கிழங்கை அரைத்து, தண்ணீரில் அலசி, தொட்டியில் தெளியவிட்டால் மாவுச்சத்து அடியில் தங்கும். நார் திப்பியாகப் போகும். இருந்த கொஞ்சநஞ்சம் புரதமும் தண்ணீரோடு போய்விடும். நூறு கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது. பாயசத்துக்குக் குற்றமில்லை, ஆனால் அதையே கஞ்சியாக்கிக் குழந்தையை வளர்க்க முடியாது. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் வயிறு வீங்கிய குழந்தைகளைப் பார்த்தார். அவற்றுக்கு ஆகாரம், பெரும்பாலும் மாவுக்கஞ்சி மட்டுமே. 'குவாஷியோர்கர்' என்ற நோயை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான்.

கிழங்கு ஆலைகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெள்ளைப் பொருளும் வந்து சேர்ந்தது. நாமக்கல் முட்டை! ஒன்றில் சுமார் ஆறு கிராம் புரதம், ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் முழுசாக. காமராஜர் 1956-ல் மதிய உணவு கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. 2010 முதல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. கார்னிஷ் கேட்டது, நூறு வருஷம் தாண்டி, அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவனம் கலப்பதை விசாரித்துப் பாருங்கள். மக்காச்சோளம் இவ்வளவு, சோயா புண்ணாக்கு இவ்வளவு, லைஸின் எத்தனை கிராம் என்று கணக்குத் துல்லியமாக இருக்கும். மெத்தியோனின் குறைந்தால் முட்டை சிறுக்கும் என்று அதையும் தனியாக வாங்கிச் சேர்க்கிறார்கள். வெயில் காலத்தில் கோழி மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி அதன் ரத்தத்தில் பைகார்பனேட் குறையும், ஓடு மெலியும். அதற்காகச் சோடா உப்பும் கொடுப்பது உண்டு. அமினோ அமிலம், தண்ணீர், தாங்கல் மூன்றையும் மூன்று வேளையும் கவனிக்கிறார்கள்.

அதே பூமியில், 1877-ல் மனிதனுக்குப் போட்ட கணக்கு ஒன்றே ஒன்றுதான்... ஒரு பவுண்டு!

இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது, தட்டில் சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள். முக்கியமாக, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரின் தட்டை. குழம்பில் பருப்பு தீர்ந்து, தெளிந்த தண்ணீர் மட்டும் மிஞ்சுவது பெரும்பாலும் அவருக்குத்தான்.