சுங்கம் தாண்டி வந்த வெள்ளை

2008-இல் கோவை வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. எங்கள் தோட்டத்தில் இலை, தண்டு, காய் எங்கும் பஞ்சை அப்பியதுபோல் வெள்ளை. அப்பா மருந்தடித்து அடித்து ஓய்ந்தார். அதன் மெழுகுப் போர்வைமேல் மருந்து வழிந்தோடியது. பூச்சி பக்கத்து மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் தாவியது.

மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. அயல்பூச்சியைத் தடுக்க 1914-லேயே இங்கே சட்டம் உண்டு. 2003-ஆம் ஆண்டின் ஆணையோ இன்னும் ஒரு படி மேலே போனது: துறைமுகத்தில் விடுவித்த பிறகும் சில இறக்குமதி நாற்றுகளைத் தனியிடத்தில், ஆய்வாளர் கண்பார்வையில் வளர்க்க வேண்டும். நோயின் அறிகுறி தெரிய நாளாகும் அல்லவா? அந்தக் காத்திருப்பை வீண்தாமதம் என்பவர்களோடு எனக்கு ஒப்புதலே இல்லை.

மாவுப்பூச்சியை ஒழிக்க 2010 ஜூலையில் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்றுவகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு வந்தன. நாங்கள் தவித்துக்கொண்டிருந்தோம், ஆனாலும் விஞ்ஞானிகள் அவற்றை உடனே திறந்துவிடவில்லை. பூட்டிய ஆய்வகத்தில் வளர்த்து, மற்ற நல்ல பூச்சிகளைத் தொடாது என்று உறுதிசெய்த பிறகே அக்டோபரில் கோவையில் விட்டார்கள்.

கடுகைவிடச் சிறிய குளவி. அடுத்த பருவத்தில் அப்பா தெளிப்பானைப் பரணில் ஏற்றினார்.